கம்போவைச் சிவப்பாக்கச் சொன்னார்கள்

மொன்றியலில் சென்ட் லோரன்ட் பகுதியில் உறைசாப்பாடு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பதினொரு வருடம் வேலை செய்தேன். கடையில் குளிர்பெட்டிக்குள் மட்டைப் பெட்டியில் கிடக்குமே, வீட்டுக்குக் கொண்டுபோய் மைக்ரோவேவில் ஆறு நிமிடம் வைத்துச் சாப்பிடுவது, அந்தச் சாப்பாடு. என் வேலை கிடாரத்தில். முந்நூறு லீற்றர் கொள்ளும் பெரிய சில்வர் பாத்திரம். இரட்டைச் சுவர். இரண்டு சுவருக்கும் நடுவில் நீராவி ஓடும். அந்தச் சூட்டில்தான் சமையல். கம்பனிக் கடதாசியில் அதற்கு ஏதோ பெயரும் இலக்கமும் இருந்தன. அங்கே வேலை செய்த தமிழருக்கெல்லாம் அது கிடாரம்தான். லசானியாவுக்கான தக்காளிச் சோஸ், பட்டாணி சூப், மாட்டிறைச்சிக் குழம்பு எல்லாம் என் கையால் போனவை. மாட்டிறைச்சியை வாயில் வைக்காதவள் நான். ஆனாலும் உப்புக் கூடிவிட்டது, குறைந்துவிட்டது என்று என் கிடாரத்திலிருந்து போன எதுவும் ஒருநாளும் திரும்பி வந்ததில்லை. அந்தப் பெருமை எனக்கு இருந்தது. அதைக் கெடுக்கவென்றே வந்து சேர்ந்தது கம்போ.

கொண்டுவந்தவர் எங்கள் உற்பத்தி மனேஜர். ஐம்பது வயது, நியூ பிரன்ஸ்விக்கிலிருந்து வந்தவர், அக்காடியன். அக்காடியன் என்றால் யார் என்பதை அவர் வாயால் குறைந்தது இருபது தடவை கேட்டிருக்கிறேன். கனடாவின் கிழக்குக் கரையில் பிரெஞ்சு பேசிக்கொண்டு தோட்டம் செய்த சனங்கள். ஆங்கிலேயர் வந்து வீடுகளைக் கொளுத்தி, குடும்பம் குடும்பமாகக் கப்பலில் ஏற்றித் துரத்திவிட்டார்கள். எங்கெங்கோ அலைந்து ஒரு பகுதி லூசியானாவின் சதுப்பு நிலத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அக்காடியன் என்ற சொல்தான் அங்கே தேய்ந்து கேஜன் ஆனது. அவருடைய குடும்பம் எப்படியோ திரும்பி வந்துவிட்ட கிளை.

நல்ல கதைதான். ஆனால் வீட்டை விட்டு ஓடி, மூன்று நாடு தாண்டி, அகதி என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்து நிற்பவளைக் கிடாரத்தடியில் மறித்து வைத்து, இருநூற்றைம்பது வருடத்துக்கு முந்திய அகதிக் கதையை வாரம் ஒருதரம் சொன்னால் அவள் என்ன செய்வாள்? "ஐயோ பாவம்" என்று ஆங்கிலத்தில் சொல்வேன். கை கிண்டுகிற துடுப்பை விடாது. விட்டால் சோஸ் அடிப்பிடித்துவிடும்.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு முடிந்து கிறிஸ்மஸ் லீவால் திரும்பி வந்ததும் அவர் அறிவித்தார். கம்பனி புதிதாக மூன்று சாப்பாடு இறக்கப் போகிறது. கம்போ, ஜம்பலாயா என்கிற கலவைச் சோறு, றால் குழம்பு. மூன்றும் லூசியானாச் சமையல்.

"இது என் இரத்தத்தில் உள்ள சமையல்," என்று நெஞ்சில் தட்டிக் காட்டினார்.

"நீங்கள் லூசியானாவுக்குப் போயிருக்கிறீர்களா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்லை."

கையில் ஒரு கடதாசி தந்தார். எட்டுப் பேருக்கான கம்போச் செய்முறை. எல்லாவற்றையும் நூறால் பெருக்கியிருந்தார். உப்பையும் மிளகாய்த்தூளையும்கூட. ஒரு கல்யாணவீட்டுக்குச் சமைத்துப் பார்த்த எவரும் அப்படிச் செய்யமாட்டார்கள். சொன்னேன். "முதலில் கடதாசியில் உள்ளபடி செய்," என்றார்.

கம்போவின் அடித்தளம் ரூ என்கிற ஒன்று. எண்ணெயும் கோதுமை மாவும் சம அளவு. மா மண்ணிறமாகி, பிறகு சொக்கிலேற் நிறமாகும்வரை கைவிடாமல் கிண்டவேண்டும். பிறகு வெங்காயம், செலரி, கறிமிளகாய் மூன்றையும் கொட்டவேண்டும். இந்த மூன்றுக்கும் அங்கே திரித்துவம் என்றே பெயராம், தேவாலயத்தில் சொல்கிற அதே திரித்துவம். அதன் மேல் இறைச்சிச் சாறு, புகைபோட்ட சொசேஜ், கோழி. கடைசியில் சோற்றில் ஊற்றிச் சாப்பிடுவது.

காலை ஏழு மணிக்கு மாவைக் கொட்டினேன். பதினொரு மணிக்கும் அது வெள்ளையாகவே இருந்தது. சுவரில் நோட்டீஸ் ஒட்டுவதற்குக் காய்ச்சிய பசை போல. ஆய்வுகூடத்தில் வேலை செய்த சென்னைப் பெண் வெப்பமானியோடு வந்து நின்றாள். உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்தவள், இருபத்தாறு வயது, என்னை அக்கா என்பாள்.

"அக்கா, நூத்தி நாப்பதுக்கு மேல ஏறவே மாட்டேங்குது. ஸ்டீம்ல இதுக்கு மேல சூடு வராது. மாவு எப்பிடி செவக்கும்? நான் போன வாரமே அவருக்கு மெயில் போட்டேன்."

"மனுசன் அதைப் பாத்ததோ?"

"பாத்தாரே. 'தேங்க் யூ'ன்னு ரிப்ளை பண்ணாரு."

மனேஜர் வந்து எட்டிப் பார்த்தார். "பொறுமை. பொறுமைதான் கேஜன் சமையலின் இரகசியம்," என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குப் போய்விட்டார். இரண்டு மணிவரை கிண்டினேன். அன்று பின்னேரம் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக் கை தூக்க முடியவில்லை.

அடுத்த கிழமை மெக்கானிக்கைக் கூப்பிட்டு நீராவியின் அழுத்தத்தைக் கூட்ட வைத்தார். அடி கருகியது. மேலே பசை, கீழே கரி. கிண்டக் கிண்டக் கரி மேலே வந்து கறுப்புப் புள்ளிகளாக மிதந்தது. புகைநாற்றம் பொதிசெய்யும் பகுதிவரை போயிருக்கவேண்டும், அங்கிருந்து ஒருத்தி தலைவலையும் கையுறையுமாகக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"யார் ரூவை எரிக்கிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

இரண்டு வருடமாக மதியச் சாப்பாட்டறையில் பார்க்கிற முகம். நாற்பது வயது இருக்கும், என் வயது. அவளை நான் ஹெயிட்டிக்காரி என்றே நினைத்திருந்தேன். மொன்றியலில் கிரியோல் என்றால் ஹெயிட்டிச் சனங்கள், அவர்கள் பேசும் மொழி. அவள் கறுப்பு, பிரெஞ்சு கொஞ்சம் விளங்கும். எங்களுக்கு அது போதும். ஹெயிட்டிப் பெண்கள் தங்கள் மொழியில் கதைத்தால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். தலைக்கனம் பிடித்தவள் என்று அவர்கள் சொன்னார்கள். நானும் ஓம் போட்டிருக்கிறேன். அன்றுதான் தெரிந்தது, அவள் லூசியானாக்காரி. கடலுணவுக் கடை ஒன்றில் சமைத்தவள். கியூபெக் லொறிச் சாரதி ஒருவனைக் கட்டி மொன்றியலுக்கு வந்து, வேலை கிடைத்த இடத்தில் தட்டுகளுக்கு மட்டை உறை போட்டுக்கொண்டிருந்தாள். ஒருவரும் அவளை எந்த ஊர் என்று கேட்டதில்லை.

மனேஜரின் முகம் மலர்ந்தது. "நீ கேஜனா?"

"இல்லை. கிரியோல்."

லூசியானாவில் அது ஆபிரிக்காவும் பிரெஞ்சும் கலந்து வந்த சனங்களின் பெயராம். மனேஜரின் மலர்ச்சி பாதியில் நின்றது. "நாங்கள் செய்வது கேஜன் கம்போ," என்றார்.

அவள் கிடாரத்துக்குள் பார்த்தாள். "நீங்கள் செய்வது கம்போவே இல்லை."

அன்று தொடங்கியது அவர்கள் இருவரின் சண்டை. கேஜன் என்றால் நாட்டுப்புறம், கறுத்த ரூ, தக்காளி கிடையாது. கிரியோல் என்றால் நகரம், வெண்ணெய், தக்காளி. இது அவர் புத்தகத்தில் படித்தது. அவள் அதைக் கேட்டுச் சிரித்தாள். தன் வீட்டில் கம்போவுக்கு ஒருநாளும் தக்காளி போட்டதில்லை, ஜம்பலாயாவுக்குப் போடுவோம், இரண்டு தெரு தள்ளியிருந்த மாமி வீட்டில் எல்லாம் தலைகீழ் என்றாள். அவர் விடவில்லை. இந்தச் சமையலை அக்காடியன்கள்தான் லூசியானாவுக்குக் கொண்டுபோனார்கள் என்றார்.

"கம்போ என்பது ஆபிரிக்காவில் வெண்டிக்காயின் பெயர்," என்றாள் அவள். "அடிமையாகக் கொண்டுவரப்பட்டவர்கள் கொண்டுவந்த பெயர். நெல்லு விளைவிக்கத் தெரிந்தவர்களும் அவர்கள்தான். மா வறுக்கிற முறை பிரெஞ்சுக்காரருடையது. கடைசியில் தூவுகிற இலைப்பொடி அந்தக் காட்டின் ஆதிக்குடிகளுடையது. சொசேஜ் ஜெர்மன்காரருடையது. உங்கள் ஆட்கள் வந்து இறங்கியபோது பானை ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது, ஐயா."

இவ்வளவும் நடந்தது என் கிடாரத்தடியில். கரி பிடித்த கிடாரத்தைத் தேய்த்துக் கழுவவேண்டியவள் நான். இரும்புக் கம்பித் தும்பால் இரண்டு மணித்தியாலம், தலையை உள்ளே விட்டுத் தேய்த்தேன். அவர்கள் இருவரும் வெளியே நின்று பதினெட்டாம் நூற்றாண்டைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

தமிழ் ஆட்களின் தொந்தரவு வேறு. சோஸ் பகுதியிலும் கழுவும் பகுதியிலும் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒரே வசனத்தைச் சொன்னார்கள். "அக்கா, உது எங்கட கூழ் தானே!" பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவில் நண்டும் றாலும் மீனும் போட்டுக் காய்ச்சும் யாழ்ப்பாணக் கூழ். வீட்டுக்குப் போனால் மனுசனும் அதையேதான் சொன்னார்.

"இஞ்சரும், உவங்கள் கூழ் காய்ச்சப் பழகுறாங்கள் போல. நீர் ஒருக்கா எங்கட முறையில காய்ச்சிக் காட்டும்."

"இது கூழ் இல்லையப்பா. மாவை எண்ணெயில வறுக்கிறது. புளி இல்லை. வேற சாமான்."

"மா கிடக்கு, றால் கிடக்கு. பேந்தென்ன?"

மனேஜர் எல்லாம் தன்னுடைய இரத்தம் என்கிறார். இவர்கள் எல்லாம் எங்கட கூழ் என்கிறார்கள். அடுத்தவரின் சாப்பாட்டை அடுத்தவருடையதாகவே விட்டுவைக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. அந்த மாதம் முழுக்க எனக்குத் தலையிடி.

மா வறுக்கும் யோசனை என்னுடையதுதான். புட்டுக்கும் இடியப்பத்துக்கும் வெறும் சட்டியில் மா வறுத்து வளர்ந்தவர்கள் நாங்கள். கிடாரம் சூடாகாவிட்டால் மாவைத் தனியே, எண்ணெயில்லாமல், லசானியா வேகவைக்கிற பெரிய ஒவனில் தட்டுத் தட்டாக வறுத்தெடுத்துப் பிறகு கிடாரத்தில் எண்ணெயோடு சேர்த்தால் என்ன? சென்னைப் பெண்ணிடம் கேட்டேன். "சூப்பர் ஐடியாக்கா, வேலை செய்யும்," என்றாள். லூசியானாக்காரி கோபிப்பாள் என்று நினைத்துப் பயந்து பயந்து சொன்னேன். அவள் தோளைக் குலுக்கினாள்.

"என் அத்தைக்கு நீரிழிவு. வைத்தியர் எண்ணெயைக் குறைக்கச் சொன்னதிலிருந்து அப்படித்தான் செய்வாள். சரியாகத்தான் வரும். ஒன்று மட்டும். மா எவ்வளவு கறுக்கிறதோ அவ்வளவுக்குத் தடிப்பாக்கும் சக்தி குறையும். வெண்டிக்காய் வேண்டும்."

நூற்றித் தொண்ணூறு பாகையில் ஒவனை வைத்து, நாற்பது கிலோ மாவைத் தட்டுகளில் பரப்பி, பத்து நிமிடத்துக்கு ஒருதரம் நானும், தன் பகுதியிலிருந்து ஓடி ஓடி வந்த லூசியானாக்காரியும் இழுத்து இழுத்துக் கிளறினோம். நல்ல மணம் வரத் தொடங்கியிருந்தது. அப்போதுதான் மனேஜர் வந்தார். சுப்பர்மார்க்கெற்றுக்காரர் ருசி பார்க்க அடுத்த கிழமை வருவதாகச் சொல்லிவிட்டார்களாம், அவருக்கு அவசரம். நாங்கள் சாறு எடுக்கக் குளிரறைக்குப் போயிருந்த நேரத்தில் ஒவனை இருநூற்று நாற்பதுக்குத் திருப்பிவிட்டிருக்கிறார். திரும்பி வருவதற்குள் மேல்தட்டுப் புகைந்தது. கதவைத் திறந்தார். புகை அப்படியே கூரைக்குப் போனது. நெருப்பு மணி அடித்தது.

பெப்ரவரி மாதம். கோட்டு எடுக்கப் போகக்கூடாது என்பது சட்டம். நூற்றிருபது பேர் வெள்ளை மேலங்கியும் தலைவலையும் ரப்பர்ச் சப்பாத்துமாகக் கார் தரிப்பிடத்தில் நின்றோம். மூக்குக்குள் இருந்த ஈரம் உறைந்து குத்தியது. தீயணைப்பு வண்டி வந்து, உள்ளே போய், புகைதான் என்று உறுதிசெய்ய அரை மணித்தியாலம். அந்த அரை மணித்தியாலமும் என் இரண்டு பக்கத்திலும் நின்று மனேஜரும் அவளும் ஜம்பலாயாவுக்குத் தக்காளி போடுவதா இல்லையா என்று சண்டை பிடித்தார்கள். பல்லுக் கிடுகிடுக்க, "தக்காளி," "இல்லை," "தக்காளி," "இல்லை" என்று.

"இரண்டு பேரும் வாயை மூடுங்கோ! குளிருக்குள்ள மனுசர் சாகிறம், உங்களுக்குத் தக்காளி!" என்று நான் கத்தினேன். தமிழில்தான் கத்தினேன். இருவரும் உடனே நிறுத்திவிட்டார்கள். கழுவும் பகுதித் தம்பிமார் பின்னால் நின்று கைதட்டினார்கள்.

அதற்குப் பிறகு மனேஜர் ஒவன் பக்கமே வரவில்லை. இரண்டு நாளைக்கு லூசியானாக்காரியைப் பொதிசெய்யும் பகுதியிலிருந்து என்னோடு விட்டார். மாவைச் செங்கல் நிறத்துக்குக் கொண்டுவந்தோம், பிறகு அதையும் தாண்டினோம். வெண்டிக்காயைத் தனியே எண்ணெயில் வதக்கி வழுவழுப்பை எடுத்தாள். இலைப்பொடியை மட்டும் போட முடியவில்லை. அதைக் கொதிக்கவிட்டால் நூல் நூலாக இழுபடும், மைக்ரோவேவில் வைத்ததும் அப்படித்தான் ஆகும் என்று சென்னைப் பெண் சோதித்துச் சொன்னாள். லூசியானாக்காரி அதற்கு ஒத்துக்கொண்டாள். மற்ற எதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. சொசேஜை நான் கொஞ்சம் பெரிதாக வெட்டிவிட்டேன் என்று எல்லாவற்றையும் திரும்ப வெட்ட வைத்தாள். அதற்கும் எனக்கு எரிச்சல்தான். ஆனால் இது வேறு விதமான எரிச்சல். நானும் அப்படித்தான் செய்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை மதியம் வேலையாட்களுக்கு ஊற்றிக் கொடுத்தோம். கறுத்த மண்ணிறம், மேலே எண்ணெய் மெல்லியதாகத் தெளிந்திருந்தது. வறுத்த மாவின் வாசம், புகை வாசம், பிறகு மெல்ல ஏறும் உறைப்பு. கூழ் என்றவர்கள் பேசாமல் குடித்தார்கள். ஹெயிட்டிப் பெண்கள் வெண்டிக்காயைக் கண்டதும் தங்கள் ஊர்க் குழம்பின் பெயரைச் சொல்லி ஆரவாரித்தார்கள். அவள் அவர்களுக்குத் தன் ஊர்க் கிரியோலில் ஏதோ சொன்னாள். தாய் தகப்பன் பேசியது, பள்ளிக்கூடத்தில் பேசினால் அடி விழுந்ததாம், அதனால் பாதிதான் தெரியும் என்றாள். அவர்கள் அவளுடைய உச்சரிப்பைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மனேஜர் மூன்று கிண்ணம் சாப்பிட்டார். வாயைத் துடைத்துக்கொண்டு, "பார்த்தாயா, இரத்தத்தில் உள்ளது போகாது," என்று என்னிடம் சொன்னார். நான் கிடாரத்தைக் கழுவப் போய்விட்டேன்.

சுப்பர்மார்க்கெற்றுக்காரர் மூன்று பேர் வந்தார்கள். கண்ணாடி அறைக்குள் இருந்து பிளாஸ்டிக் கரண்டியால் ஆளுக்கு இரண்டு வாய் எடுத்தார்கள். சென்னைப் பெண் உள்ளே குறிப்பெழுதினாள். வெளியே வந்து எங்கள் இருவருக்கும் சொன்னாள், எனக்குத் தமிழிலும் அவளுக்கு ஆங்கிலத்திலும்.

"கலர் சேறு மாதிரி இருக்காம். வெண்டைக்காய் வேணாமாம், ஜனங்களுக்குப் பிடிக்காதாம். கேஜன்னா செவப்பா, காரமா இருக்கணுமாம். சிப்ஸ் பாக்கெட்ல அப்பிடித்தானே இருக்குன்னு கேட்டாங்க. தக்காளி சேக்கச் சொல்றாங்க."

"மனேஜர் என்ன சொன்னவர்?"

அவள் கீழே பார்த்தாள். "'நோ ப்ராப்ளம்'னு சொல்லிட்டாருக்கா."

பெப்ரவரிக் குளிரில் தக்காளி கூடாது என்று நின்ற மனுசன்! வீட்டைக் கொளுத்தினார்கள், கப்பலில் ஏற்றினார்கள் என்று எனக்கு இருபது தடவை சொன்ன மனுசன். லூசியானாக்காரி கையுறையைக் கழற்றிக் குப்பைக்குள் போட்டுவிட்டுத் தன் பகுதிக்குத் திரும்பிப் போனாள்.

ஏப்ரலில் சிவப்புக் கம்போ தொடங்கியது. வறுத்த மா இல்லை; சோளமா. தகரப் பீப்பாய்த் தக்காளிச் சோஸ், பப்ரிக்கா, கோழி நெஞ்சிறைச்சித் துண்டுகள். லசானியாச் சோஸுக்கு மிளகாய்த்தூள் போட்டது போல இருக்கும். செவ்வாயும் வியாழனும் நான் கிண்டினேன். மறுபக்கத்தில் அவள் அதற்கு உறை போட்டாள். உறையில் சதுப்பு நிலமும் ஓடமும் படம், கீழே 'உண்மையான கேஜன் கம்போ, கிரியோல் பாணி.'

ஒருநாள் சாப்பாட்டறையில் அந்த உறை ஒன்றை என் சோற்றுப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இதை வாசி."

"வாசித்திருக்கிறேன்."

"நீதானே தக்காளி ஊற்றுகிறாய்?"

"என்னை ஊற்றச் சொல்கிறார்கள், ஊற்றுகிறேன். நீதானே பெட்டிக்குள் போடுகிறாய்?" என்றேன்.

சொன்ன உடனேயே தெரிந்தது, சொல்லியிருக்கக்கூடாது. அவள் உறையை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழும்பினாள். நாலு மாதம் என்னோடு பேசவில்லை. எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல், மனேஜர்மேல், என்மேல். யாரோ ஒருத்தியின் சாப்பாட்டுக்காக நான் ஏன் நித்திரை கெடவேண்டும் என்று மனுசனிடம் புறுபுறுத்தேன். "அப்ப வேலையை விடும்," என்றார். அதையும் செய்யவில்லை.

ஓகஸ்ட் முடியும் நேரம் லூசியானாவில் அந்தப் பெரிய புயல் அடித்தது. சாப்பாட்டறைத் தொலைக்காட்சியில் கூரைகளில் நின்று கைகாட்டும் சனங்களைப் பார்த்தோம். அவள் சுவரில் இருந்த தொலைபேசியில் எண்ணை அமுக்கிக்கொண்டே நின்றாள். தம்பியின் குடும்பம் இருக்கும் இடம் ஐந்து நாளாகத் தெரியவில்லை. ஹெயிட்டிப் பெண்கள் முறைவைத்து அவளுடைய உறைகளையும் சேர்த்துப் போட்டார்கள். நான் பக்கத்தில் போய் நின்றேன். எங்கள் ஊரில் சண்டை நடந்த காலத்தில் நானும் அப்படித் தொலைபேசியோடு நின்றிருக்கிறேன், அப்போது பக்கத்தில் வந்து ஆறுதல் சொன்னவர்களை எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு தேத்தண்ணி ஊற்றி அவள் கையில் வைத்தேன். குடித்தாள். ஆறாம் நாள் தம்பி ரெக்சஸிலிருந்து தொலைபேசி எடுத்தான். உயிரோடு இருந்தார்கள். வீடு போய்விட்டது.

மனேஜருக்கு உண்மையாகவே துக்கம். கண் கலங்கித் திரிந்தார். புயலில் பாதிக்கப்பட்டவர்களுக்குக் காசு சேர்க்க வேண்டும் என்றார். அதற்கு அவர் கண்டுபிடித்த வழி, லூசியானாக்காரி சிவப்புக் கம்போப் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் படம் ஒன்றைக் கடைகளில் ஒட்டி, விற்கிற பெட்டிக்கு ஒரு பங்கு கொடுப்பது.

அவள் அந்தப் பெட்டியைக் கையால் வாங்கவே இல்லை. "கிடாரத்தை எனக்கு ஒரு சனிக்கிழமை தாருங்கள். கம்போவை நான் காய்ச்சுகிறேன். நீங்கள் வாசலில் நின்று விற்றுக் கொடுங்கள்," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ மா வறுக்க வருவாயா?" என்று கேட்டாள்.

"வாறன்," என்று தமிழில் சொல்லிவிட்டு, "வருகிறேன்" என்று ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னேன்.

சனிக்கிழமை காய்ச்சினோம். அக்கம்பக்கத்துத் தொழிற்சாலைகளிலிருந்தும் பஸ் தரிப்பிடத்திலிருந்தும் வந்து சனங்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். மனேஜர் வாசலில் நின்று ஊற்றிக் கொடுத்தார். ஒவ்வொருவருக்கும் அக்காடியன் கதையையும் சேர்த்து. ஒரு ஆள் கிண்ணத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "இது ஏன் சிவப்பாக இல்லை? நான் கடையில் வாங்கினது சிவப்பாக இருந்ததே. அதுதானே உண்மையானது?" என்று கேட்டார். மனேஜர் அடுத்த ஆளுக்கு ஊற்றத் தொடங்கினார். லூசியானாக்காரி என்னைப் பார்த்தாள். நான் குனிந்து, வாசலுக்குக் கொண்டுவந்து வைத்த பானையைத் துடுப்பால் கிண்டிக்கொண்டே இருந்தேன்.

ஐப்பசியில் அவள் தம்பிக்கு உதவியாகப் போனாள். ஒரு மாதம் என்று சொல்லித்தான் போனாள். அவளுடைய இடத்துக்கு வேறு ஒருத்தியை எடுத்தார்கள். சிவப்புக் கம்போ அடுத்த வருடம் கோடைவரை ஓடியது, பிறகு விற்கவில்லை என்று நிறுத்தினார்கள். மிச்சமிருந்த உறைகளைக் கழிவுக் கடதாசிக்குள் கட்டுக்கட்டாகப் போட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒருநாள் அலுவலகத்திலிருந்து ஆள் ஓடிவந்து எனக்குத் தொலைபேசி என்றான். வேலை நேரத்தில் தொலைபேசி என்றால் யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் நினைப்போம். ஓடிப்போய் எடுத்தால் அவள். தேவாலய மண்டபம் ஒன்றில் திரும்பி வந்த சனங்களுக்குச் சமைத்துக்கொண்டிருக்கிறாளாம். நின்று ரூ கிண்ட நேரமில்லை. பின்னால் பாத்திரச் சத்தமும் பிள்ளைகளின் கத்தலுமாக இருந்தது.

"மா எத்தனை பாகையில் வறுத்தோம்?"

"நூற்றித் தொண்ணூறு. உங்கள் ஊர் ஒவனில் பரனைட் கணக்கு, பார்த்து மாற்று. பத்து நிமிடத்துக்கு ஒருதரம் கிளறு. ஆம்பிளைகள் ஒருவரையும் ஒவனுக்குக் கிட்ட விடாதே."

அவள் சிரித்தாள். பிறகு இருவரும் முறைப்பாடு சொல்லத் தொடங்கினோம். அவளுக்கு இலவசமாக வந்து குவிந்த சாமான்களைப் பற்றி. வெண்டிக்காய் கேட்டால் தகரத்தில் அடைத்த சோளம் வருகிறதாம். எனக்குப் புதிதாக வந்த சுப்பர்வைசரைப் பற்றி. துடுப்பைப் பிடிக்கத் தெரியாமல் எனக்குக் கிண்டப் பழக்குகிறாள். பத்து நிமிடம் போயிருக்கும். குசினிக் கதவைத் திறந்து யாரோ, "அக்கா, கிடாரம் அடிப்பிடிக்குது!" என்று கத்தினார்கள். பேந்து கதைக்கிறேன் என்று அவளுக்குச் சொல்லி வைத்துவிட்டு ஓடினேன். பாஸ்ரா சோஸ், அரைவாசி போய்விட்டது. பேச்சு வாங்கினேன். கழுவவும் நானேதான்.

தேய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் நினைவு வந்தது, அவளுடைய எண்ணை நான் கேட்டு எழுதவில்லை. அலுவலகத்தில் போய்க் கேட்டேன். அந்தத் தொலைபேசியில் வந்த எண் தெரியாதாம். அவள் திரும்ப எடுப்பாள் என்று சில மாதம் எதிர்பார்த்தேன். எடுக்கவில்லை. அவளுடைய புருசன் மொன்றியலுக்கு வெளியே புரோசார்டில் எங்கேயோ இருந்தான், பிறகு அவனும் போய்விட்டான் என்று ஹெயிட்டிப் பெண்களில் ஒருத்தி சொன்னாள். ஒரு பேனை எடுத்து ஒரு எண் எழுதுவதற்கு எனக்கு என்ன கேடு என்று இப்போதும் என்னையே ஏசிக்கொள்வேன்.